பூசையில் உட்கார்ந்த லெப்டொப்

அக்காவின் லெப்டொப் எங்கள் வீட்டுக்கு வந்தது என் முதுகில். பதுளை டவுனில் நான் வேலை செய்கிற போன் ரிப்பேர் கடையில் யாரோ கொடுத்துவிட்டுத் திரும்பி வராமல் போன சாமான் அது. கடை முதலாளியை டவுனே நானா என்றுதான் கூப்பிடும். ஹாலிஎலக்காரர், முஸ்லிம், வாய் மட்டும் சும்மா இருக்காது.

"இத எடுக்கிறவனுக்கு தூக்கிறதுக்கு ஒரு ஆளும் சேத்து குடுக்கோணும்டா" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா கெம்பஸுக்கு எடுபட்டதும் அந்த ஆள் நான் என்று முடிவாகிவிட்டது. "கொண்டு போ. ஒங்கட அக்காக்கு நான் குடுத்தன்னு சொல்லு."

நமுனுகுல பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். இறங்கும்போது கால் மரத்துப் போயிருந்தது. பேட்டரி என்பது அதற்குள் ஓர் அலங்காரப் பொருள். வயரைப் பிடுங்கினால் அந்த நொடியே உயிர் போய்விடும். காற்றாடி சுற்ற ஆரம்பித்தால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த நீள வரிசை வீடுகளில், கடைசி வீட்டுக்காரர் வெளியே வந்து பெக்டரி பக்கம் எட்டிப் பார்ப்பார்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாதாரண தரப் பரீட்சையோடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பேச்சு நின்றுவிட்டது. கணக்குப் பாடம்தான் காரணம். யார் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது என்று ஞாபகம் இல்லை. ஆனால் உடைந்த போனைத் திறந்தால் எனக்குக் கை நடுங்காது. லெப்டொப்புக்குள்ளும் ஒரு வேலை செய்து வைத்திருந்தேன்: வீட்டு ரவுட்டரோடு சேர்ந்திருக்கிற எந்தப் போனிலிருந்தும் அதற்குள் போய் உத்தரவு போடலாம். இதை நான் செய்து வைத்தது ஓர் உயர்ந்த நோக்கத்துக்காக. அக்கா மும்முரமாகப் படித்துக்கொண்டிருக்கும்போது, நான் குசினியில் இருந்துகொண்டே, லெப்டொப்பை "அக்கா, பசிக்குது" என்று பேச வைக்கலாம். மூக்கடைத்த வெள்ளைக்காரன் தமிழ் வாசிப்பதுபோல் ஒரு குரல் வரும். முதல் தடவை அவள் நாற்காலியோடு விழுந்தாள். பிறகு பழகிப்போய், "மூடு" என்று லெப்டொப்புக்கே பதில் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

போன வருடம் புரட்டாசியில் அவளுடைய கடைசி வருட புரொஜெக்ட் வந்தது. மலைச்சரிவில் மழை இறங்கினால் மண்ணுக்குள் தண்ணீர் எங்கே சேரும், எந்த இடம் சறுக்கும் என்று கணக்குப் பார்க்க வேண்டும். அதற்கு விஞ்ஞானிகள் பல நாட்டிலிருந்து சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுத்திருக்கிற ஒரு பெரிய மென்பொருள் இருக்கிறது. அது ஒரு புரோகிராம் இல்லை, ஒரு லயம். ஒரு காம்பராவில் கணக்குப் போடுகிறவன், அடுத்ததில் படம் வரைகிறவன், அதற்கடுத்ததில் இருவரும் கேட்கிற சாமானை எடுத்துக் கொடுக்கிறவன் என்று எல்லாரும் ஒரே கூரைக்குக் கீழே. ஒருவனுக்குக் காய்ச்சல் என்றாலும் மற்றவர்கள் வேலைக்கு இறங்கமாட்டார்கள்.

ரெடிமேடாகக் கிடைத்ததை அக்கா இறக்கிப் போட்டுப் பார்த்தாள். திறந்தது. மூடிக்கொண்டது. மறுபடி திறந்தாள். மறுபடி மூடிக்கொண்டது.

"என்னாவாம்?" என்றேன்.

"இந்த மெசினு பழசு. அது சொல்ற கட்டளை இதுக்கு தெரியாதாம்."

"அப்ப என்னைய மாதிரி."

"ஆமா. ஆனா இது வாயாடாது."

ஒரே வழிதான் இருந்தது. தைத்த காற்சட்டை இடுப்பில் ஏறாவிட்டால் துணி வாங்கி அளவெடுத்துத் தைக்க வேண்டும். மென்பொருளை எழுதினபடியே, மூலநிரலாக, கொழுந்தாக இறக்கிக்கொண்டு, அதை இந்த லெப்டொப்புக்குள்ளேயே வாட்டி, அரைத்து, தூளாக்கி எடுக்க வேண்டும். அதற்குக் கம்பைல் பண்ணுவது என்று பெயர். கெம்பஸ் கம்ப்யூட்டரில் இதெல்லாம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அங்கே ஸ்ட்ரைக். பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பி, கதவைப் பூட்டிவிட்டார்கள். புரொஜெக்டை ஒன்லைனில் செய்து காட்டச் சொன்னார்கள். அக்காவுக்கு விழுந்த நேரம் விஜயதசமி அன்று காலை பத்து மணி. அப்போது அவளுடைய மெசினில் அது ஓடவேண்டும். ஓடாவிட்டால் அடுத்த பெட்ச்சோடு உட்கார்ந்து இன்னொரு வருடம். அம்மாவின் முதுகில் கூடை இன்னொரு வருடம் என்றும் அதற்கு அர்த்தம். அக்கா அதை வாயால் சொல்லவில்லை. நகத்தை மட்டும் கடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் கம்பைலை நான்தான் கெடுத்தேன். வேலையை எத்தனை பேருக்குப் பிரித்துக் கொடுக்க என்று ஓர் எண் போடவேண்டும். எங்கள் அப்பா கங்காணி. காலையில் பெரட்டுக் களத்தில் நின்று இவ்வளவு பேர் இந்த மலைக்கு, அவ்வளவு பேர் அந்த மலைக்கு என்று ஆள் பிரிக்கிறதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கொழுந்து அவசரமாக எடுக்க வேண்டுமென்றால் லயத்தில் இருக்கிற எல்லாரையும் இறக்குவார்கள். அதனால் நான் இருபது பேரைப் போட்டேன்.

லெப்டொப் ஒரு பெருமூச்சு விட்டது. எலிக்குறி நின்றுவிட்டது. கடிகாரம் நின்றுவிட்டது. காற்றாடி மட்டும் ஊளையிட்டது.

அப்பா வந்து பார்த்தார். "எத்தன பேரடா போட்ட?"

"இருபது."

"ஆளுக்கு ஒரு கூட வேணுமே. அதுக்குள்ள எத்தன கூட இருக்கு?"

"இதுக்குள்ள ரெண்டுதானாம்" என்றாள் அக்கா, அப்போதுதான் வழிகாட்டிக் குறிப்பைக் கடைசி வரைக்கும் வாசித்துவிட்டு. "ரெண்டு பேருக்கு மேல போடக்கூடாதுன்னு இங்கயே எழுதியிருக்கான். எருமை!"

"மிச்ச பதினெட்டு பேரும் ஒருத்தர் தலையில ஒருத்தர் ஏறி நிக்கிறாங்க போல" என்று அப்பா சிரித்துவிட்டுப் போய்விட்டார். வயரைப் பிடுங்கி லெப்டொப்பைக் கொன்று மறுபடி எழுப்பினோம். அந்த நாள் போயிற்று.

அடுத்த நாள் சரஸ்வதி பூசை. காலையிலேயே இரண்டு பேரைப் போட்டு ஆரம்பித்தோம். இந்தத் தடவை ஒழுங்காக ஓடியது. திரையில் எழுத்து எறும்பு வரிசைபோல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் எத்தனை வீதம் முடிந்தது என்று காட்டியது. அன்றைக்குத் தோட்டத்தில் வேலை குறைவு. வாசலைக் கடந்து போகிறவர்களெல்லாம், கொழுந்து நிறுக்கிற இடத்தில் கேட்கிற மாதிரியே, "எத்தன கிலோ ஆச்சு?" என்று தலையை நீட்டினார்கள். நான், "இப்பதான் இருவத்தி ரெண்டு கிலோ, தண்ணி கழிச்சு" என்றேன்.

"ராவெல்லாம் ஓடணும். விடியக்குள்ள முடிஞ்சிரும்" என்றாள் அக்கா. முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது.

அப்போது அம்மா வந்தார். கையில் சந்தனக் கிண்ணம்.

எங்கள் வீட்டு ஆயுத பூசையில் விலக்கு கிடையாது. தேயிலைச் செடி வெட்டுகிற அப்பாவின் கவ்வாத்துக் கத்தி, அம்மாவின் கொழுந்துக் கூடை, என் ஸ்க்ரூடிரைவர் பெட்டி, அக்காவின் புத்தகங்கள், எல்லாம் சாமிமேடைக்குப் போகவேண்டும். தொழில் சாமான் என்று என் போனையும், படிக்கிற சாமான் என்று அக்காவின் போனையும் ஏற்கெனவே வாங்கி வைத்தாயிற்று. வெளியே மிச்சம் அப்பாவின் பழைய பட்டன் போன் மட்டும்தான். ரவுட்டரும் அங்கே மினுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கற்பூரம் காட்டிவிட்டால் மறுநாள் காலைப் பூசை வரைக்கும் எதையும் தொடக்கூடாது. தொட்டால் சரஸ்வதிக்குக் கோபம் வரும் என்பார் அம்மா. எனக்கென்னவோ சரஸ்வதிக்கு முன்னால் அம்மாவுக்குத்தான் வரும்.

"அதையும் குடு" என்றார் அம்மா.

"அம்மா, வேல ஓடிக்கிட்டு இருக்கும்மா!" அக்கா லெப்டொப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஓடட்டும். சாமி முன்னால ஓடட்டும். நீங்க ரெண்டு பேரும் சுத்தி நின்னு கத்துறத விட நல்லா ஓடும்."

"வயர கழட்டினா செத்துப்போகும்மா."

"யாரு கழட்ட சொன்னா?"

ஊர்வலம் புறப்பட்டது. அக்கா திறந்தபடியே லெப்டொப்பை ஒரு தாம்பாளத்தில் வைத்துத் தூக்கிக்கொண்டு முன்னால் போனாள். நான் எக்ஸ்டென்ஷன் வயரைப் பிடித்துக்கொண்டு, அது எங்கேயும் சிக்காமல், பின்னால். அப்பா கதவுப் படியில் நின்று, "மெதுவா, மெதுவா, வளைவு இருக்கு" என்று தேருக்குக் கட்டை போடுகிறவர் மாதிரி சத்தம் கொடுத்தார். பத்தடி தூரம்தான். சாமிமேடையில் இறக்கி வைத்தபோது எல்லாருக்கும் வியர்த்திருந்தது. எண் மட்டும் எதுவும் நடக்காதது மாதிரி முப்பத்தொன்பதுக்கு ஏறியிருந்தது.

அம்மா ஒவ்வொரு சாமானுக்கும் பொட்டு வைத்தார். கத்திக்குப் பிடியில். கூடைக்கு விளிம்பில். லெப்டொப்புக்கு எங்கே? கொஞ்ச நேரம் அதன் முகத்தைப் பார்த்தார். திரைக்கு மேலே நட்டநடுவில் ஒரு சின்னக் கறுப்புப் புள்ளி இருந்தது. அதுதான் நெற்றி என்று முடிவு செய்து, சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். ஒரு செவ்வந்தி மாலையையும் இரண்டு மூலையிலும் மாட்டினார். மாலைக்கு நடுவில் எறும்பு வரிசை ஏறிக்கொண்டிருந்தது.

கற்பூரம் காட்டினார். எல்லாரும் கும்பிட்டோம். அக்கா கும்பிட்ட மாதிரி நான் யாரும் கும்பிட்டுப் பார்த்ததில்லை. ஒரு கண்ணை மூடி, மற்றக் கண்ணால் எண்ணைப் பார்த்தபடி.

பொழுது சாய்கிற நேரம், அறுபத்தொன்றில் எறும்புகள் நின்றன. சிவப்பில் ஒரு வரி விழுந்தது.

சாமிமேடைக்கு முன்னால் அம்மா போட்டிருந்த கோலக் கோட்டை அக்கா தாண்டாமல், கொக்கு மாதிரி கழுத்தை நீட்டி வாசித்தாள். "இடமில்லையாம்."

"எங்க?"

"ஹார்ட் டிஸ்க்ல. நெறஞ்சிருச்சாம். கொஞ்சத்த அழிச்சிட்டு திரும்ப ஓடச் சொன்னா, விட்ட எடத்துல இருந்து போகும். ஆனா இப்பவே சொல்லணும். விடிஞ்சு சொன்னா பத்து மணிக்கு முடியாது." அவள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மா, ஒரே ஒரு நிமிசம்..."

"கற்பூரம் காட்டியாச்சு."

"அம்மா, ஒரு வருசம்மா!"

"நான் காட்டாம இருந்திருப்பேனே, சொல்லியிருந்தா. காட்டினதுக்கு அப்பறம் நான் என்னா பண்ண? சாமி இப்ப உக்காந்திருக்கு. எழும்புன்னு சொல்லவா?" அம்மாவின் குரலும் உடைந்துதான் இருந்தது. அந்த நேரம் அவரைக் கேலி செய்ய எனக்கே மனம் வரவில்லை. கொஞ்ச நேரத்துக்கு.

வெளியே திரீவீல் சத்தம் கேட்டது. நானா. வருடா வருடம் ஆயுத பூசை அன்றைக்கு அவர் எங்கள் வீட்டுக்குக் கடலை சாப்பிட வருவார். சாமிக்குப் படைத்ததை அவர் சாப்பிடமாட்டார். அது அம்மாவுக்குத் தெரியும். அதனால் படைப்பதற்கு முன்னாலேயே ஒரு பங்கைத் தனிச் சட்டியில் எடுத்து மூடி வைத்துவிடுவார். நானாவும் வந்து உட்கார்ந்து, எதுவும் கேட்காமல், அந்தச் சட்டியைக் காலி செய்துவிட்டுப் போவார்.

"என்ன எல்லாரும் மையத்து வீடு மாதிரி ஈக்கிறீங்க?" என்றபடி நானா உட்கார்ந்தார். அம்மா தனிச் சட்டியை எடுத்து வந்து வைத்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்குள் பல்ப் எரிந்தது.

"அம்மா, இது சாமிக்கு வைக்காத கடலைதானே?"

"ஆமா. அதுக்கென்ன?"

"அப்ப நானாட போனும் சாமிக்கு வைக்காத போன்தானே?"

அக்கா என்னைப் பார்த்தாள். என்னை அவ்வளவு மரியாதையாக அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவளுக்குப் புரிந்துவிட்டது. லெப்டொப்பைப் பேச வைக்கிற என் வழி.

"அம்மா, கை படாம வேல பாத்தா?" என்றாள் அக்கா. "நாங்க இங்கயே நிக்கிறோம். போன்ல இருந்து சொல்றோம். அது அங்கயே, பொட்டோட, மாலையோட இருக்கட்டும்."

அம்மா யோசித்தார். பெரிய வழக்கு அது. "கை படக்கூடாது."

"படாது."

"கோட்ட தாண்டக்கூடாது."

"தாண்ட மாட்டோம்."

"சாமிய பாத்து மொதல்ல ஒரு கும்பிடு போட்டுட்டு செய்ங்க. போன்ல சொல்றதுன்னா சாமிக்கிட்ட வேண்டிக்கிற மாதிரிதானே. அதுவும் தூரத்துல இருந்துதான்."

நான் இப்போதும் சொல்கிறேன், இவ்வளவு நன்றாக இதை எனக்கு வேறு யாரும் விளக்கியதில்லை.

போனை வாங்குவதுதான் பெரிய பாடாகிவிட்டது. நானா அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். "போட்டோ பக்கம் போகாத. மெசேஜ் பக்கம் போகாத. கோல் வந்தா ஒடன எனக்கு தா."

"அப்ப போன்ல மிச்சம் என்னா நானா, டோர்ச்சா?"

"டோர்ச்சயும் போடாத, சார்ஜ் எறங்கும்."

போனை ரவுட்டரில் சேர்த்து, லெப்டொப்புக்குள் நுழைந்தேன். கறுப்புத் திரையில் என் முன்னால் ஒரு சின்ன வெள்ளைக் கட்டம் மினுங்கியது. எந்த எழுத்தை அழுத்தினாலும் என் விரல் மூன்று எழுத்தை மூடியது. பாதி வரி அடித்திருப்பேன், போன் அதிர்ந்தது. நானாவின் மனைவி. நானா போனைப் பிடுங்கிக் காதில் வைத்தார்.

"பாண் வாங்கிட்டு வாறேன்... இல்ல, வேற எங்கயும் போகல்ல... பூசை வீட்ல ஈக்கிறன்... அல்லாவே, நான் பண்ணல்ல! நான் கடலை தின்றன். என்ட போன்தான் பூசையில ஈக்கிது!"

மறுபடி ஆரம்பித்தேன். எது இடத்தை அடைத்திருக்கிறது என்று கேட்டேன். லெப்டொப் ஒரு கோப்புறையைக் காட்டியது. பெயர் லெக்சர் ஃபைனல். மற்ற எல்லாம் சேர்ந்தாலும் அதற்குப் பக்கத்தில் நிற்க முடியாத பருமன்.

"என்னாக்கா, லெக்சர் இவ்வளவா?"

"அத விடு. வேற பாரு."

"வேற இல்லையே." திறந்தேன். உள்ளே எபிசோட், எபிசோட், எபிசோட். "அம்மா! லெக்சர்ல ஒருத்தன் குடை பிடிச்சிக்கிட்டு அழறான்."

கொரியா நாடகம். முழுசாக. அம்மாவுக்கு மெதுவாகத்தான் ஏறியது. "ராவெல்லாம் லைட்ட போட்டுக்கிட்டு படிக்கிறாளேன்னு நான் எழும்பி பால் தேத்தண்ணி ஊத்தி குடுத்தேனேடி!"

"அது... பாஷ படிக்கத்தான்மா. கொரியா வேலைக்கு போறதுன்னா பாஷ தெரியணும்."

"எங்க, ஒரு வார்த்த சொல்லு" என்றார் அப்பா.

அக்கா விழித்தாள். அவளுக்குத் தெரிந்தது ஒரே வார்த்தை போல. "சாராங்ஹே."

"என்னா அர்த்தம்?"

"...வணக்கம்."

எனக்கு அர்த்தம் தெரியும். கடையில் பாதிப் பேரின் ரிங்டோன் அது. உன்னைக் காதலிக்கிறேன் என்று அர்த்தம். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்த நேரம் சொல்லியிருந்தால் இலாபம் ஒரு சிரிப்புத்தான். சொல்லாமல் வைத்திருந்தால் எவ்வளவு காலத்துக்கு வரும்.

"இத அழிச்சாத்தான் இடம் வரும்" என்றேன்.

"கடைசி ரெண்டு எபிசோட மட்டும் விட்டுறேன்டா. நான் இன்னும் பாக்கல."

"ரெண்ட விட்டா தொண்ணூறுல நிக்கும். பொறவு நானா திரும்ப கடலை சாப்பிட வரணும்."

"எனக்கு பிரச்சின இல்ல" என்றார் நானா, வாய் நிறைய.

அக்கா கண்ணை மூடினாள். இந்தத் தடவை இரண்டையும். "அழி."

அழித்தேன். திரும்ப ஓடு என்றேன். ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு சாமிமேடையில் காற்றாடி ஊளையிட்டது, செவ்வந்தி இதழ் ஒன்று பறந்தது, மாலைக்கு நடுவில் எறும்புகள் மறுபடி ஏறத் தொடங்கின. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். போனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் நான் இன்னும் ஒரே ஒரு சின்ன வரியைச் சேர்த்துவிட்டேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

நானா புறப்படும்போது அப்பா வாசல் வரைக்கும் போய், கையைத் தூக்கி, மனம் நிறைந்து, "சாராங்ஹே, நானா!" என்றார்.

நானா மரியாதையாக, "ஒங்களுக்கும், ஒங்களுக்கும்" என்று சொல்லிவிட்டு திரீவீலைத் திருப்பினார். அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். முதுகு குலுங்கியது.

விடியற்காலையில் எங்களை எழுப்பியது அம்மாவின் அலறல். விளக்கேற்றப் போன அம்மாவின் முகத்துக்கு நேரே, சாமிமேடையிலிருந்து, மூக்கடைத்த வெள்ளைக்காரன் குரல் ஒன்று, "அக்கா, முடிஞ்சிருச்சு. அக்கா, முடிஞ்சிருச்சு" என்றது. நான் சேர்த்த வரி அதுதான். கம்பைல் முடிந்தால் சொல்லச் சொல்லியிருந்தேன்.

ஓடிப்போய்ப் பார்த்தபோது அம்மா தீப்பெட்டியோடு சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தார்.

"சாமி பேசிருச்சும்மா" என்றேன், முகத்தை நேராக வைத்துக்கொண்டு.

அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "சாமி என்னைய அக்கான்னா கூப்பிடும்? தாயேன்னுல கூப்பிடணும்." தீப்பெட்டி என் தலையில் வந்து விழுந்தது. அதன் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. கோயில் மணி அடிக்கும் வரை காத்திருக்கவில்லை. அங்கேயே அப்போதே காலைப் பூசையை முடித்து, கற்பூரத்தைக் காட்டி, "எடுத்துக்கடி. சாமிக்கு நெறய வேல இருக்கு" என்றார்.

மறுபடி ஊர்வலம், மறுபடி வயர். மாலையைக் கழற்றினோம். கம்பைல் பண்ணினதை அதனதன் இடத்தில் நிறுவ ஒரு கட்டளை. அக்கா கடவுச்சொல்லை அடித்தாள். என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள், எனக்கு அது தெரியாதது மாதிரி. பிறகு மென்பொருளைத் திறந்தாள்.

திறந்தது. நான் பத்து வரைக்கும் எண்ணினேன். மூடிக்கொள்ளவில்லை.

பத்து மணிக்கு அழைப்பு வந்தது. அந்தப் பக்கம் இரண்டு விரிவுரையாளர்கள், ஒரு மெடமும் ஒரு சேரும். அக்கா தலைவாரி, நல்ல சட்டை போட்டு, நேராக உட்கார்ந்திருந்தாள். நான் கட்டிலுக்கு அந்தப் பக்கம் தரையில். அம்மாவும் அப்பாவும் கதவருகில்.

"உங்கள் கெமராவைப் போடுங்கள்" என்றார் மெடம் ஆங்கிலத்தில்.

"போட்டிருக்கிறேன், மெடம்."

"எங்களுக்குச் சிவப்பாகத் தெரிகிறது. முழுவதும் சிவப்பு. அங்கே ஏதாவது எரிகிறதா?"

அக்காவின் கண் மெதுவாகத் திரைக்கு மேலே போனது. நட்டநடுவில், நெற்றியில், சந்தனத்தின் மேல், ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குங்குமம். விரலை எடுத்துத் துடைக்கப் போனாள்.

கதவருகில் அம்மா இரண்டு கையையும் ஆட்டினார். "அழிக்காத! விஜயதசமி அன்னிக்கு பொட்ட அழிக்கிறதா?"

அக்கா விரலைப் பாதியில் நிறுத்தினாள். ஒரு பக்கம் அம்மா, ஒரு பக்கம் மெடம், நடுவில் ஒரு வருடம். நான் தரையில் படுத்துக்கொண்டு வாயில் தலையணையை அடைத்துக்கொண்டேன். கடைசியில் அவள் உள்ளதைச் சொன்னாள். நேற்று இது பூசையில் இருந்தது, அம்மா இதன் நெற்றி என்று நினைத்துக் கெமராவில் பொட்டு வைத்துவிட்டார், அம்மா இப்போது கதவருகில்தான் நிற்கிறார்.

அந்தப் பக்கம் மெடம் சிரிக்கிற சத்தம். "என் காரில் பிரித் நூல் கட்டியிருக்கிறது, பிக்கு ஓதிக் கொடுத்ததை எங்கம்மா கட்டினது. வைப்பரோடு சேர்த்துக் கட்டிவிட்டார். மழை வந்தால் நான் பாதை ஓரத்தில் நின்றுவிடுவேன். தொடாதீர்கள். உங்கள் முகம் எனக்குத் தெரியும். திரையைக் காட்டுங்கள்."

அக்கா திரையைக் காட்டினாள். மழைக் கணக்கைக் கொடுத்து ஓடவிட்டாள். காற்றாடி எழும்பியது. மெடம், "அது என்ன சத்தம், ஹெலிகொப்டரா?" என்றார். மெல்ல மெல்ல, கீழிருந்து மேலே, எங்கள் மலை திரையில் முளைத்தது. பச்சை, மஞ்சள், அங்கங்கே சிவப்பு. அவள் சுட்டிக்காட்டி, தண்ணீர் இந்த வழியாக இறங்கும், இந்த இடத்தில் தேங்கும் என்று பேசப் பேச, அவள் குரல் மாறிவிட்டது. அந்தக் குரலை நான் வீட்டில் கேட்டதே இல்லை. கொஞ்ச நேரம் கேலி செய்ய மறந்துபோனேன்.

சேர் இரண்டு கேள்வி கேட்டார். மெடம் ஒன்று கேட்டார்: இந்தப் பழைய மெசினில் இதை எப்படி நிறுவினீர்கள்?

"மூலநிரலிலிருந்து கட்டினேன் மெடம். பாதியை என் தம்பி செய்தான்." ஒரு நொடி நிறுத்தி, "தொடாமல்" என்றாள்.

அறிக்கையில் சின்னத் திருத்தங்கள், மற்றபடி சரி, நீங்கள் இந்த பெட்ச்சோடு போகலாம் என்று சொல்லிவிட்டு அவர்கள் போனதும் வீட்டில் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அம்மா திரைக்கு முன்னால் வந்து நின்றார். "இதுல நம்ம லயம் எங்கடி?"

அக்கா காட்டினாள். பச்சையில் இருந்தது. அம்மா நெஞ்சில் கை வைத்தார். "அப்ப இந்த செவப்பு?"

அக்கா கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தாள். "கக்கூசு."

"நான் அன்னிக்கே சொன்னேன், அத அங்க கட்டாதீங்கன்னு!" என்றார் அப்பா. அவர்தான் அதை அங்கே கட்டியவர். அடுத்த வாரமே அதை இந்தப் பக்கம் மாற்றிவிட்டார். விஞ்ஞானத்தால் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த முதல் பலன் அது.

அன்றைக்குப் பின்னேரம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஏதோ நன்றி சொல்லப் போகிறாள் என்று நினைத்துத் தலைமுடியைச் சரி செய்துகொண்டேன்.

"டேய், கடையில இருந்து அந்த கடைசி ரெண்டு எபிசோட இறக்கி கொண்டு வர்றியா?"

"தேவையில்லையே. நான் பாத்துட்டேன். கடைசியில அந்த குடைக்காரன்..."

அவள் என் வாயைப் பொத்தப் பாய்ந்தாள். நான் கட்டிலைச் சுற்றி ஓடினேன். உண்மையில் நான் ஒரு எபிசோட்கூடப் பார்க்கவில்லை. ஆனால் இன்றைக்கு வரைக்கும் அவள் என்னோடு சண்டைக்கு வந்தால் "அந்த குடைக்காரன்" என்று மட்டும் சொன்னால் போதும். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவாள். அப்பாவும் டவுனுக்கு வரும்போதெல்லாம் கடை வாசலில் நின்று, கையைத் தூக்கி, நானாவைப் பார்த்து சாராங்ஹே என்கிறார். நானாவும் இப்போது கற்றுக்கொண்டு திருப்பிச் சொல்கிறார். அர்த்தத்தை நான் இன்னும் இரண்டு பேருக்கும் சொல்லவில்லை.